கேட்காமல் நிரப்பிய கட்டம்

என்னோடு வேலை செய்த பெண்ணொருவரை இணக்க அதிகாரியாக நியமித்த கடிதத்தை அறிவித்தல் பலகையில் குத்தியபோது என் கையில் பிளேன்டீ கோப்பை இருந்தது. ஆறிப்போகும்வரை ஒரு மிடறும் இறங்கவில்லை. கண்டி நகரின் அந்த நிதி நிறுவனத்தில் பதினான்கு வருடம் உழைத்தவன் நான். திகனயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கதவு திறப்பவன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. வயிறு எரிந்தது. அதை வேறெப்படிச் சொல்வது?

குற்றத்தில் கிடைத்த பணம் நல்ல பணம்போல உள்ளே வந்துவிடாமல் பார்ப்பதே அந்தப் பதவியின் வேலை. பிழை நடந்தால் கொழும்பிலிருந்து வரும் மேற்பார்வை அதிகாரிகள் அந்த ஒருவரைத்தான் பிடிப்பார்கள். தகுதியில்லை என்று எழுதினால் பதவி போய்விடும். அத்தனையும் தெரிந்தே ஆசைப்பட்டேன். முகாமையாளரே தணிந்து பேசும் கதிரை அது.

வைப்புப் படிவத்தில் ‘பணம் வந்த வழி’ என்றொரு கட்டம் உண்டு. பழகிய மனிதரிடம் அதைக் கேட்பது எங்கள் கிளையில் மரியாதைக் குறைவு. நாங்களே ‘வியாபாரம்’ என்று நிரப்பிவிடுவோம். அவர் பதவிக்கு வந்ததும் எல்லாரிடமும் கேட்கச் சொன்னார். ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் கேட்ட விதத்தில் எல்லாரும் சிரித்தபடி பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கும் எரிந்தது.

ஒருநாள் கம்பளையிலிருந்து ஒரு ஹாஜியார் பெருந்தொகையோடு வந்தார். என் வாப்பாவின் கூட்டாளி. நான் கேட்கவில்லை, வழக்கம்போல ‘வியாபாரம்’ என்று எழுதி இணக்க அதிகாரியிடம் நீட்டினேன்.

“நீங்கள் கேட்டனீங்களோ, நானா?” அண்ணன் என்ற பொருளில் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

“ஓ மிஸ், கேட்டாச்சி.”

என் சொல்லை நம்பிக் கையெழுத்து வைத்தார்.

மேற்பார்வை அதிகாரிகள் வந்தபோது அந்தக் கோப்பு அகப்பட்டது. ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். காணி விற்ற பணம் என்று ஒளிக்காமல் சொன்னார் மனிதர். பணத்தில் பிழையில்லை, படிவம்தான் பொய். யார் விசாரித்தது என்று வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் கேட்டார். பக்கத்தில் நின்ற நான் குனிந்து மேசையிலிருந்த கோப்புகளை அடுக்கத் தொடங்கினேன். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷம்.

“கையெழுத்து என்ர. சரிபார்க்க வேண்டினதும் நான்தான்” என்றார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

பதவி போனது. கடைசி நாளில் “போயிட்டு வாறன், நானா” என்றார், அவ்வளவுதான். ஒரு சொல் ஏசியிருந்தால் அவரைச் சற்றுக் குறைவாக எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

இப்போது அந்தக் கதிரையில் நான் இருக்கிறேன். போன மாதம் மேற்பார்வை அதிகாரிகள் மறுபடியும் வந்தார்கள். கேட்காமல் நிரப்பிய படிவம் ஒன்று அகப்பட்டது; கீழே என் கையெழுத்து. நிரப்பியது தெல்தோட்டையிலிருந்து வரும் எழுதுவினைஞர், இரண்டு பிள்ளைகளின் தாய். தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். யார் விசாரித்தது என்ற கேள்வி முடியுமுன் அவருடைய பெயரைச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவரை நினைத்தேன். அவர் அதில் இருந்த நாட்களில்கூட அவர்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.