தக்காளிக்கு ஏ.சி., டிரைவருக்கு வெயில்

காய்கறி வண்டியில் பின்னால் ஏறுகிற சரக்குக்குத்தான் மரியாதை, முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் வெறும் சுமை. வளைகுடாவில் ஸ்டியரிங் பிடித்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டவர்கள்தான்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் குடும்பம் தக்காளி போடும். விளைந்ததை நாங்களே வண்டியில் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவோம். திருவிழா வந்தால் அப்பாவும் அண்ணனும் உருமி அடிப்பார்கள், நான் தாளம் போடுவேன். இரண்டாயிரங்களின் ஆரம்பத்தில் மழை தொடர்ந்து ஏமாற்றியதும், அண்ணன் ராசுவும் நானும் ஷார்ஜாவைத் தாண்டி தைத் என்ற ஊரில் ஓர் அரபியின் தோட்டத்துக்கு விசா எடுத்தோம். அண்ணனுக்குச் செடி, எனக்கு வண்டி. அண்ணன் உருமியைப் போர்வையில் சுற்றிக் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

ஜோர்டான் சரக்கு

ஷார்ஜா முவைலாவில் கீழக்கரைக்காரர் காதர் பாயின் மளிகைக்கடைக்கு நான்தான் தக்காளி இறக்குவேன். ஒருநாள் ஒரு தமிழ் அம்மா, பெட்டியில் இருந்த ஒவ்வொரு பழத்தையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உப்பு மண்ணில் சாணத்தைக் கொட்டி, நாற்றுக்கு ஓலை மறைப்பு கட்டி, பிள்ளை மாதிரி அண்ணன் வளர்த்த பழம் அது.

"அக்கா, அமுக்காதீங்க, கன்னிப்போயிரும். இங்க பக்கத்துல எங்க அண்ணன் வெளைய வெச்சது" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாயிடம் திரும்பிச் சொன்னார்: "பாலைவனத்துல எங்கயாவது தக்காளி காய்க்குமா பாய்? ஜோர்டான் சரக்கை இறக்கிட்டு உங்க டிரைவர் கதை விடுறான்."

ஏ.சி. ரிப்பேர்

எங்கள் சில்லர் வண்டியில் பின்பெட்டி மார்கழி மாதம் மாதிரி குளிரும். நான் உட்காரும் கேபினில் ஏ.சி. செத்து மாதக்கணக்காகிவிட்டது. மே மாத வெயிலில் கண்ணாடியை இறக்கினால் அடுப்பு வாயைத் திறந்தது போல் காற்று அடிக்கும். ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கீரைக்கட்டுகளுக்கு நடுவே படுத்துவிட்டேன். உயிர் திரும்பியதே அங்கேதான்.

தோட்டத்து மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், நம்ம ஆள். கதவு திறந்து கிடந்ததால் கீரை துவண்டுவிட்டதாக மார்க்கெட்டிலிருந்து புகார் போயிருந்தது. நடந்ததைச் சொல்லி, கேபின் ஏ.சி.யைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்று கேட்டேன். மயங்கியவன் ரோட்டில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. நிதானமாகச் சொன்னார்: "ஏம்ப்பா, ஆளு வாடுனா தண்ணி குடிச்சா நிமிந்துக்குவான். கீரை வாடுனா நிமிருமா?"

மண் வாசனை

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமுக்கு வெளியே அண்ணன் உருமி அடித்தால், பக்கத்துத் தோட்டத்துப் பெங்காலிகளும் பட்டான்களும் வந்து ஆடுவார்கள். காதர் பாய் மூலம் அது துபாயில் ஒரு தமிழர் விழாக் கமிட்டிவரை போய்விட்டது. பொங்கல் விழாவுக்கு வந்து வாசிக்க வேண்டும், அப்படியே தோட்டத்திலிருந்து வைக்கோலும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். மேடையில் தெர்மாகோல் மாட்டுவண்டி நிற்கிறதாம், அதில் பரப்புவதற்கு.

வைக்கோலை இறக்கிப் பரப்பிவிட்டு மேடை ஏறினோம். வளைகுச்சியை அண்ணன் தோலில் தேய்த்ததும் உருமி ஒரு முக்கு முக்கியது பாருங்கள், கோட்டு போட்டவர்கள் எல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து ஆடினார்கள். எனக்கே ஒரு நிமிஷம் ஊரில் நிற்கிற மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்து பசியோடு சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். வாசலிலேயே, எங்களை அழைத்த கமிட்டிக்காரர் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். கோபம்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "பிரமாதம், மண் வாசனையே வந்துருச்சு! ஆனா இங்க ஃபேமிலிங்க சாப்பிடுறாங்க, நீங்க பின்பக்கமா வந்து பார்சல் வாங்கிக்கங்க." அண்ணன் பார்சல் வாங்கவில்லை. தைத் திரும்பி ரூம் வாசலில் இறங்கும்போது சொன்னார்: "வைக்கோலை மட்டும் உள்ள விட்டானுங்கடா."

டிராக்டர்

அடுத்த சீசனில் செடி கொள்ளாமல் காய்த்தது. எல்லாத் தோட்டத்திலும் அப்படியே காய்த்ததால் மார்க்கெட்டில் தக்காளியைச் சீண்ட ஆளில்லை. வயலை அப்படியே உழுதுவிடச் சொல்லி மேனேஜர் டிராக்டர் சாவியை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் கையை நீட்டவில்லை. "காய்ச்சு நிக்கிற செடி மேல வண்டி ஏத்த மாட்டேன் சார். நாங்க பறிச்சிக்கிறோம், பசிக்கிறவன் எவனாவது திங்கட்டும்."

"அப்ப ஊருக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வேறு டிரைவரைக் கூப்பிட்டார்.

டிராக்டர் ஒரு கோடியில் உழுதுகொண்டு வர, அண்ணன் மறுகோடியிலிருந்து பறிக்க ஆரம்பித்தார். நான் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக வேலி தாண்டி வந்தார்கள். பறித்தது பாதி, கண்ணெதிரே நசுங்கியது பாதி. கிடைத்ததை யாரிடமும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்புக்கு விட்டேன், அண்ணனும் கூட வந்தார். சாயங்காலம் சைட்டிலிருந்து கம்பெனி பஸ்களில் ஆட்கள் வந்து இறங்குகிற நேரம். "எடுத்துக்கங்க, சும்மாதான்" என்று அண்ணன் கத்தினார். யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் சிமெண்டு படிந்த சட்டையோடு ஒரு ராமநாதபுரத்துக்காரர் வந்து, ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணனைக் கேட்டார்: "சும்மா தர்றீங்களா? இந்த ஊர்ல நமக்கு எவன்ணே சும்மா தந்திருக்கான், இதுல என்ன வெசம் இருக்கு?"

அந்த வாரமே அண்ணனின் விசாவை கேன்சல் செய்து, உருமியோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். அவர் இப்போது ஒட்டன்சத்திரத்தில் மறுபடியும் தக்காளிதான் போடுகிறார். நானோ ஏற்றிய சரக்கையெல்லாம் ஏதோ ஒரு மார்க்கெட்டில் இறக்கிவிட்டேன், இந்தக் கோபத்தை மட்டும் இறக்க இன்னும் இடம் கிடைக்கவில்லை, சில்லர் இல்லாமலே கெடாமல் இருக்கிறது.