மூன்றரை மணிப் படம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள்.
2. அதே நேரத்தில் தில்லியிலிருந்து வானிலைப் படம் வந்தது.
3. மாப்பிள்ளையின் அப்பா கையில் பஜ்ஜியோடு எழுந்து உள்ளறைக்குப் போனார்.
4. மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சரியான ஒரு விஷயத்தைச் சொன்னார்.
5. அத்தை வேண்டாம் என்றாள்.
6. கல்யாணத்துக்கென்று எனக்குப் பேசிவைத்திருந்த பட்டுப்பாவாடை வரவில்லை.

அன்றைக்கு எனக்கு ஆறாவதுதான் முக்கியமாக இருந்தது. ஐந்தாவது புரிவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அப்போது ஆந்திராவில், லாலாகுடா குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு தங்கி, பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அவளுடைய கம்ப்யூட்டரும் சிற்றலை ரேடியோவும் இருந்தன. ரேடியோவில் அவள் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. படம்தான் பிடிப்பாள். கடலில் போகும் கப்பல்களுக்காக வானிலை வரைபடத்தைச் சத்தமாக மாற்றி தில்லியிலிருந்து அனுப்புவார்கள். ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரைச் செருகிவிட்டால் அந்தச் சத்தம் திரையில் மறுபடியும் படமாகும். மேலிருந்து கீழாக, கோடு கோடாக வரும். காஷ்மீர் தெரியும்போது அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தால் இலங்கை வருவதற்குள் எனக்குக் கால் மரத்துப்போகும்.

இதற்காக மொட்டை மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அத்தை செம்புக்கம்பி கட்டியிருந்தாள். அத்தைக்கு அது ஏரியல். அம்மாவுக்குத் துணி காயப்போடும் கொடி. ஈரப் போர்வை காயும் நாளில் படம் புள்ளி புள்ளியாக வரும்.

"அண்ணி, அந்த பெட்ஷீட்ட எடுங்க, ஆந்திராவே தெரியல!" என்று அத்தை கீழேயிருந்து கத்துவாள்.

"ஆந்திராவுக்குள்ளதான இருக்க? ஜன்னல் வழியா எட்டிப் பாரு" என்பாள் அம்மா.

அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்கள் ஜாதகத்திலோ உயரத்திலோ நின்றுபோயின. அப்பா இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் அத்தை இருக்கிற பக்கம் பார்க்காமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்படியிருக்கும்போதுதான் இந்த வரன் வந்தது. விசாகப்பட்டினத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பையனுக்கு கொண்டாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, அங்கேயே சொந்த ஃபிளாட், அடுத்த வருஷம் அமெரிக்கா. ஜாதகமும் பொருந்தியது, உயரமும் பொருந்தியது. அப்பா சைக்கிளைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார். ஞாயிறு மூன்றே காலிலிருந்து நாலே கால்.

"மூணரைக்குப் படம் இருக்குண்ணா" என்றாள் அத்தை.

அந்தமான் பக்கம் உருவான ஒரு தாழ்வு நிலையை அவள் சில நாட்களாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். அது மேலே ஏறுகிறதா, திரும்புகிறதா என்பது அன்றைய படத்தில்தான் தெரியும்.

"புயல் நாளைக்கும் இருக்கும். மாப்பிள்ளை இருக்கமாட்டார்" என்றார் அப்பா.

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. கம்ப்யூட்டர் தானாகப் படத்தைப் பிடித்துக்கொள்ளும், அத்தை கூடத்தில் பட்டுப்புடவையோடு உட்கார வேண்டும். ஒயர் செருகியிருக்கும்வரை ரேடியோவிலிருந்து சத்தம் வெளியே வராது என்பதால் வந்தவர்களுக்கு எதுவும் தெரியவராது. ஏற்பாட்டில் ஒரு ஓட்டையும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் உள்ளறையையும் எட்டிப் பார்க்கக்கூடும் என்று நினைத்த அம்மா, கடைசி நேரத்தில் மேஜையை இழுத்து அதன் அடியிலும் பெருக்கினாள்.

மூன்று பேர் வந்தார்கள். பையன் சிரித்த முகமாக இருந்தார். என்னிடம் எந்த கிளாஸ் என்று கேட்டு சாக்லேட் கொடுத்தார். அவருடைய அம்மா புடவையைப் பற்றிப் பேசினார். அவருடைய அப்பா பஜ்ஜியில் மட்டும் கவனமாக இருந்தார். அத்தை காபித் தட்டோடு வந்து நின்றபோது உள்ளறையிலிருந்து அது ஆரம்பித்தது.

சரக், சரக், சரக், சரக்.

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. சத்தம் வெளியே வருகிறதென்றால் ஒயர் கழன்றிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு 'சரக்'குக்கும் படத்தில் ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் பையனின் அம்மா.

"பக்கத்து வீட்டு கிரைண்டர்" என்றாள் அம்மா.

"இப்படியா அரைக்கும்?"

"பழைய கிரைண்டர்."

அத்தை எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். அப்பா கண்ணாலேயே அவளை அங்கே அழுத்திப் பிடித்திருந்தார். அப்போது பையனின் அப்பா பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது வெதர் ஃபேக்ஸ் இல்ல?"

"ஆமா அங்கிள்" என்றாள் அத்தை. "ஒயர் கழண்டிருச்சு. படம் போயிட்டிருக்கு."

"அப்ப இங்க ஏம்மா உட்கார்ந்திருக்க? ஓடு!"

அத்தை ஓடினாள். பட்டுப்புடவையோடு அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பின்னாலேயே அவரும் போனார். அவர்களுக்குப் பின்னால் நான்.

"கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தாரு" என்று கூடத்தில் பையனின் அம்மா சொல்வது கேட்டது. "ரிட்டயர் ஆகியும் மனுஷன் இன்னும் கரைக்கு வரல."

அத்தை ஒயரைச் செருகியபோது காஷ்மீரும் பஞ்சாபும் போய்விட்டிருந்தன. நடுவில் பிடித்ததால் எது ஓரம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் மிச்சப் படமும் பிளந்து வந்தது. அரபிக்கடல் நடுவில் இருந்தது. வங்காள விரிகுடா பாதி வலது ஓரத்திலும் பாதி இடது ஓரத்திலும் கிடந்தது.

"எங்க கப்பல்ல ஈரப் பேப்பர்ல வரும். ஒரு நாத்தம் அடிக்கும் பாரு, மூணு நாள் கையில நிக்கும்" என்றார் அவர். அத்தை சிரித்தாள். பிறகு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் அப்பா இருமுவது கேட்டது. இலங்கை வரும்வரை இருவரும் எழவில்லை.

அத்தை படத்தை பிரிண்டரில் எடுத்தாள். அவர் என்னை அனுப்பிச் சமையலறையிலிருந்து ஒரு சொம்பைக் கொண்டுவரச் சொன்னார். காகிதத்தை அதன் மேல் சுற்றினார். ஓரமும் ஓரமும் சேர்ந்த இடத்தில், வளையத்துக்குள் வளையமாகப் புயல் முழுதாக வந்து நின்றது.

"ஏறுது" என்றாள் அத்தை.

"ஏறுது" என்றார் அவர்.

சொம்பை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி கூடத்துக்கு வந்து மகனிடம் நீட்டினார். "பாருடா, இந்தப் பொண்ணு பிடிச்சது."

பையன் நன்றாகவே பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். "இதே படம் நெட்ல கலர்லயே வருமே. எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறீங்க? வேணும்னா நான் தினமும் உங்களுக்கு மெயில்ல அனுப்பிவிடறேன்."

"ஆமா, வரும்" என்றாள் அத்தை. "காபி ஆறியிருக்கும், மாத்திக் கொண்டுவரேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கிளம்பும்போது பெரியவர் காகிதத்தைச் சொம்பிலிருந்து எடுத்து, "இத நான் வச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். அவர்கள் வாசலைத் தாண்டியதுமே நான் ஓடிப்போய் எதிர் வீட்டு ஆன்ட்டியிடம், "மா அத்தகி பெள்ளி!" என்று அத்தையின் கல்யாணத்தைத் தெலுங்கில் அறிவித்துவிட்டேன். மாமனார் இவ்வளவு பிடித்துப்போன பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காமல் போகுமா? பாவாடைக்கு மயில்கழுத்து நிறம் என்றும் முடிவு செய்தேன்.

மறுநாளே பிடித்திருக்கிறது என்று போன் வந்தது. அத்தை வேண்டாம் என்றாள். அப்பாவுக்குக் குரல் உயர்ந்தது.

"அந்தப் பையன் தப்பா என்ன சொன்னான்?"

"தப்பா ஒண்ணும் சொல்லலண்ணா. சரியாத்தான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அதான்."

அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் என்னாலதான். நாந்தான் மேஜைய இழுத்தேன்" என்றாள்.

"நல்லவேளை இழுத்தீங்க அண்ணி" என்றாள் அத்தை. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

அப்போது நான் கணக்கில் கெட்டிக்காரி. சரியான விடை சொன்னவருக்கு முழு மதிப்பெண் தரவேண்டும் என்று நம்பியவள். கலரிலும் வரும், சீக்கிரமும் வரும், மாடியில் கம்பி வேண்டாம். அத்தனையும் உண்மை. சரியாகச் சொன்ன ஒருவரை எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று பல நாட்கள் யோசித்துப் பார்த்தேன். அத்தையின் அறைக்குள் வந்து அவர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்பதை எந்த வரிசையில் எழுதிச் சேர்ப்பதென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது நானும் கொண்டாப்பூரில் வேலை பார்க்கிறேன். வானிலைப் படம் கலரில் என் கம்ப்யூட்டருக்கே வருகிறது. அத்தை தார்நாகாவில் தனியாக இருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கக் கடலில் ஏதாவது உருவானால் விசாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பெரியவர் போன் செய்து, "வந்துச்சாம்மா?" என்று கேட்பார். அத்தை வீட்டு மொட்டை மாடியில் செம்புக்கம்பி இருக்கிறது. அதில் துணி காயப்போட அம்மாவுக்கு மட்டும் அனுமதி உண்டு.