அக்கா வாசித்துக் காட்டாத வரி

சென்ற ஆண்டு ஓணம் முடிந்து, மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்கள். திருவனந்தபுரத்தில் நேமம் பக்கம் ஒரு சிறிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கழக்கூட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு ஏ.ஐ. மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். பேசுவதைக் கேட்டு, உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் மென்பொருள். அப்படிப்பட்டவை ஏற்கெனவே நிறைய உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக ஒரே மூச்சில் பேசுவோமே, அதைக் கேட்டால் அவை தடுமாறிவிடும். என்னுடையது தடுமாறக் கூடாது என்பது என் ஆசை.

எனக்கு வேலை தெரியும். என்னால் முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தது. கவனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தத் துறையில் வாரத்துக்கு ஒரு புதிய ஏ.ஐ. மாடல் வரும். வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றியே பேச்சாக இருக்கும். உடனே பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த உட்கார்ந்துவிடுவேன். பேசுபவர் பெயரைக் காட்டலாம், சுருக்கம் தரலாம், மொழிபெயர்க்கலாம் என்று வசதிகள் கூடிக்கொண்டே போயின. எதுவும் முழுதாகவில்லை. சில நாள் காலையில் கணினியைத் திறக்கவே மனம் வராது.

எதிர்வீட்டு அக்கா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். ஐம்பது வயதிருக்கும். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது கேட்காமல் போனது. கருவி வைத்தும் பெரிய பயனில்லை. ஒருவர் முகம் பார்த்துப் பேசினால் உதட்டசைவில் பிடித்துக்கொள்வார். நாலு பேர் கூடிவிட்டால் முடியாது. ஒரு காலத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர், காது கேளாததாலேயே கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அவர் வந்து கதவைத் தட்டினார். "மக்கா, நீ என்னமோ பேசுதத எழுத்தாக்குத சாதனம் செய்யுதன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு. வாற ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு அத எனக்குத் தர முடியுமா?"

விஷயம் இதுதான். அந்நியர்கள் உள்ளே வருகிறார்கள் என்று, குடியிருப்பின் பின்பக்க கேட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடத் தீர்மானம் வரவிருந்தது. அதைப் பூட்டினால் பஸ் ஸ்டாப்புக்கு நெடுஞ்சாலை ஓரமாகத்தான் நடந்து போக வேண்டும். அங்கே நடைபாதை கிடையாது. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் அக்காவுக்குக் கேட்காது.

"இன்னும் முடியலையே அக்கா" என்றேன், அவருக்குப் புரியும்படி வாயை நன்றாக அசைத்து.

"முழுசா எனக்கு வேண்டாம். அவங்க என்ன பேசுதாங்கன்னு தெரிஞ்சா போதும்."

அன்றே மற்ற வசதிகளையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்தேன். திரையில் பெரிய எழுத்து வர வேண்டும், அவ்வளவுதான். தினமும் காலைச் சமையல் முடிந்ததும் அக்கா வந்து எதிரே உட்காருவார். நான் பேசுவேன். மிக்ஸியை ஓடவிட்டுப் பேசுவேன். டி.வி.யில் மலையாளச் செய்தியை வைத்துவிட்டு அதோடு போட்டிபோட்டுப் பேசுவேன். டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா, பொருள் புரியாத இடம் வந்ததும் கையைத் தூக்குவார். எல்லாவற்றிலும் 'கேட்டு'தான் பெரிய தலைவலி. வாசல் கேட்டா, காதில் கேட்டதா, மலையாளத்தில் பேச்சின் கடைசியில் சேர்க்கும் 'கேட்டோ'வா என்று மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. அதைச் சரிசெய்வதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரு நாள்கூட எனக்குச் சோம்பல் வரவில்லை. அக்கா கதவைத் தட்டுவதற்குள் நேற்றையதைவிட ஒரு படியாவது தேறியிருக்க வேண்டும் என்ற எண்ணமே என்னை உட்கார வைத்தது.

வெள்ளிக்கிழமை நண்பன் ஒருவன் போன் செய்தான். புதிய மாடல் வந்திருக்கிறது, நீ கஷ்டப்படுவதெல்லாம் அதில் சுலபம், இன்றைக்கே மாற்றிவிடு என்றான். கை பரபரத்தது. மாற்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி எல்லாவற்றையும் சோதிக்க நேரமிருக்காது. "அக்காவோட மீட்டிங் முடியட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் நடந்தது. தொடக்கத்திலேயே எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு, சிறிய மைக்கை மேஜை நடுவில் வைத்தேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திரையில் எழுத்துகள் ஓடின. அங்கங்கே பிழை இருந்தாலும் அக்கா தலையாட்டிக்கொண்டே வாசித்தார்.

கேட் விஷயம் வந்தது. மேஜையோரம் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். எனக்கே அது கேட்கவில்லை. மைக் பிடித்துவிட்டது, திரையில் வந்தது: "சேச்சிக்கு ஒண்ணும் கேக்கில்லல்லோ, வேகம் பாஸாக்காம்." அந்த அக்காவுக்குத்தான் ஒன்றும் கேட்காதே, சீக்கிரம் நிறைவேற்றிவிடலாம் என்று அர்த்தம்.

டேப்லெட்டைக் கவிழ்த்துவிடலாமா என்று கை போனது. அதற்குள் அக்கா வாசித்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து பேசியவரைப் பார்த்தபடி மெதுவாக எழுந்தார்.

"சாருக்கு என்னமோ அவசரம் போல. எனக்குக் கேக்காதுதான், பட்சே வாசிக்கத் தெரியும். இப்ப நீங்க சொன்னது இதுல வந்திருக்கு. அத வாசிச்சுக் காட்ட வேண்டாம், விடுங்க."

முணுமுணுத்தவர் முகம் சுண்டிப்போய்த் தரையைப் பார்த்தார். அக்கா அவரை அதோடு விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பின்னால லாரி வந்தா எனக்குத் தெரியாது. அந்த ரோட்டுல நடந்து போன்னு சொல்லுதவங்க, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. நான் உக்காந்துடுதேன்."

பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு அம்மாக்கள் அக்காவுக்கு ஆதரவாகப் பேசினார்கள். பகலில் கேட்டைத் திறந்து வைப்பது, இரவில் மட்டும் பூட்டுவது என்று முடிவாயிற்று. கூட்டம் கலைந்தபோது அந்த மனிதர் மேஜைக்கு வந்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நிறுத்தி நிதானமாக "ஸாரி சேச்சி" என்றார். திரையில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அப்படியே வந்தது. அக்கா சிரித்துவிட்டார்.

பிறகு அந்தப் புதிய மாடலுக்கு மாறத்தான் செய்தேன், அக்காவை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு. இப்போது காது கேளாத இன்னும் சிலர் அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், பிழைகளைத் தயங்காமல் சொல்கிறார்கள். சோர்வு இப்போதும் வருவதுண்டு, ஆனால் நான் அதைக் கண்டு பயப்படுவதில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று ஒரு முகம் தெரிந்துவிட்டால், எதைச் செய்வது, எதை விட்டுவிடுவது என்ற குழப்பம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும் என்பதை அந்த ஒரு வாரம் எனக்குக் காட்டியது.