காமாரெட்டி சாலையில் வந்த கேள்வி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். ர, ற இரண்டிலும் எனக்கு எப்போதும் தடுமாற்றம். பிழை இருந்தால் வாசிக்கிறவர் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் சாட்சி சொல்ல மூன்று முறை என் கையில் மைக்கைக் கொடுத்தீர்கள். மூன்று முறையும் "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதியாவது கொடுங்கள் என்று போதகர் ஐயா சொன்னதால் எழுதுகிறேன். என் மனைவி லில்லி மலையாளி என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் அவளைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையிலும் ராத்திரியும் மாத்திரை. மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இது லில்லிக்கு மட்டும் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் வண்டியைக் கொடுக்கமாட்டார் என்று பயந்து மறைத்தேன். மட்டாஞ்சேரி பஜார் ரோடு குடோனில் இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். வேறு வேலை தெரியாது.

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. நாக்பூருக்குச் சுக்கு லோடு. என்னோடு எப்போதும் துணைக்கு வருகிற பெரியவர் பஷீர் காக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை. தனியாகப் போகிறாயா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

அவ்வளவு தூரம் நான் தனியாகப் போனதே இல்லை. காக்கா இருந்தால் எல்லா ஊரிலும் அவர்தான் பேசுவார். அவருக்கு ஆறு பாஷை வரும். சாப்பாட்டுக் கடையில் அவர் சொல்வார், நான் சாப்பிடுவேன். என்ன வேண்டும் என்று ஒரு கடைக்காரரிடம் நானாகக் கேட்டதே கிடையாது என்றால் நம்புவீர்களா? அது உண்மை.

முதல் நாள் லில்லி கட்டிக் கொடுத்த சோறு ஓசூர் வரைக்கும் வந்தது; தொட்டுக்கொள்ளக் கொடுத்த செம்மீன் சம்மந்தி, அதாவது இறால் துவையல், கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது.

இரண்டாம் நாள் மத்தியானம் அனந்தப்பூர் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்தினேன். வடக்கத்தியர் நடத்துகிற கடை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒருவர் ரொட்டித் தட்டோடு வந்து இந்தியில் ஏதோ கேட்டார். வேண்டுமா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து, நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர் தட்டைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் ஆட்டினேன். மறுபடியும் போய்விட்டார். நம் ஊரில் அது 'சரி'. அவருக்கு அது 'வேண்டாம்'. மூன்றாம் முறை அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. எழுந்து வண்டிக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் பெட்டிக்கடையில் கை காட்டி வாங்கிய பன்னும் வாழைப்பழமும்தான்.

லில்லி போனில் கேட்டாள். சோறும் மீன் கறியும் சாப்பிட்டேன் என்று சொன்னேன். என்ன மீன் என்று கேட்டாள். அயிலை என்று சொன்னேன். கர்த்தர் மன்னிப்பாராக. கடலே இல்லாத கர்னூல் பக்கத்தில் அயிலை ஏது?

21ஆம் தேதி, புதன்கிழமை. விடியும் முன்பே கிளம்பினேன். ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால் இல்லாமல் ஒரு கட்டன் சாயா குடித்தேன். ஐதராபாத் தாண்டியதும் ஏதாவது கடையில் சாப்பிடலாம் என்று நினைத்தேன். கடைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஆள் கூட்டம். அடுத்த கடையில், அடுத்த கடையில் என்று தள்ளிப் போட்டேன். பதினொரு மணிக்குமேல் வேர்த்துக் கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டியது. ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கியது. எதிரில் வருகிற லாரி இரண்டாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் வண்டி தானாகவே சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. யார் திருப்பினார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியாது. சாலையோரத்தில் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

எங்கேயோ ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தது ஞாபகம் இருக்கிறது. எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. பத்து அடி தூரம். கதவைத் திறந்து இறங்கவும் முடியவில்லை, கூப்பிடவும் வாய் எழவில்லை. செத்துவிடுவேன் என்று தோன்றியது. சாவதைவிட, இந்தப் பொய்யோடு சாவேனே, லில்லி நான் அயிலை மீன் சாப்பிட்டுச் செத்ததாக நினைப்பாளே என்றுதான் அழுகை வந்தது.

எனக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது. உங்களைப் போல வார்த்தை வராது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எனக்குக் கேக்கத் தெரியல. நீரே கேளும்."

எனக்காக நீர் கேளும் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவரோ வேறு விதமாகக் கேட்டார்.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும், கையில் கரண்டி. கண்ணாடியை எப்படியோ இறக்கினேன். அவர் கேட்டார்:

"சேட்டா, கழிச்சோ?"

நம்மில் பலருக்கு இந்தச் சொல் தெரியும். மலையாளத்தில் 'சாப்பிட்டாயா' என்று அர்த்தம். கல்யாணமான முதல் வாரம் லில்லி என்னிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தையே இதுதான். அப்போது நான் அதைத் தமிழில் எடுத்துக்கொண்டு, புதுப்பெண் இதையெல்லாமா கேட்பாள் என்று கூசிப்போய் வெளியே ஓடிவிட்டேன். அவள் மாமியாரிடம் போய் "ஆளுக்கு என்னைப் பிடிக்கலயா" என்று அழுதாள். அந்தச் சொல்லை, தெலுங்கு தேசத்தில், கொச்சியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்டேன். மூன்று நாளாக எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்தேன்.

"இல்ல சேச்சி. ஷுகர் இருக்கு. குளிகை போட்டேன். ஒண்ணும் சாப்பிடல."

அவர் கடைப் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஒரு சத்தம் போட்டார். அவருடைய கணவர் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தார். ஒரு டம்ளர் சாயாவில் நாலு கரண்டி சர்க்கரை போட்டு, என் தலையைப் பிடித்துக் குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டினார்கள். கால் மணி நேரத்தில் எதிரில் இருந்தது ஒரே கடையாகத் தெரிந்தது. பிறகு இருவரும் என்னை இறக்கிக் கொண்டுபோய் உட்காரவைத்து, கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள்.

சேச்சியின் பெயர் தங்கமணி. திருச்சூர்ப் பக்கம் ஊர். கணவர் அந்த ஊர், காமாரெட்டிக்காரர். கேரளத்து கே.எல். நம்பர் வண்டி நிற்கிறதே, ஆள் இறங்கவில்லையே என்று சேச்சி பார்த்துக்கொண்டே இருந்தாராம். நான் உண்மையைச் சொன்னேன், கடைக்குள் வர வெட்கம், வழியெல்லாம் பன்னும் பழமும்தான் என்று. அவர் கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வெசக்கும்போ எந்தினா நாணம்? சாகறதுக்கு நாணமில்லயோ?"

பசிக்கும்போது என்ன வெட்கம் என்றுதான் திட்டினார். அதே நேரத்தில் என் போன் அடித்தது. லில்லி. என் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்ததால் சேச்சியே எடுத்துவிட்டார். இரண்டு மலையாளிகள் பேசினால் கேட்கவா வேண்டும்? இரண்டே நிமிடத்தில் என் மூன்று நாள் கதையும் வெளியே வந்துவிட்டது. போன் என் கைக்கு வந்தது. லில்லி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அந்த அயிலை?"

அது பொய்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"இனி பொய் பறஞ்சா, ஆண்டவர் விட்டாலும் நான் விடமாட்டேன், கேட்டோ." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். நானும் அழுதேன். தங்கமணி சேச்சி தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினார்.

சாயங்காலம் வரை அங்கேயே படுக்கவைத்தார்கள். கிளம்பும்போது, வடக்கே போனால் 'ஆமாம்' என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும் என்று அவருடைய கணவர் என் தாடையைப் பிடித்துப் பழக்கிவிட்டார். லில்லி கொடுத்த சம்மந்தியில் மீதி இருந்ததைச் சேச்சியிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு யாருக்கும் கொடுக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நாக்பூரில் லோடு இறக்கினேன். திரும்பும் வழியில் நேரம் தவறாமல் ஒவ்வொரு கடையிலும் நானே போய் உட்கார்ந்து, ரொட்டி என்று வாய் திறந்து கேட்டேன். குரல் சின்னதுதான். ஆனாலும் கொண்டுவந்தார்கள்.

கொச்சிக்கு வந்ததும் முதல் வேலையாக முதலாளியிடம் போய் என் நோயைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், மறைத்ததற்காக. வேலையை எடுக்கவில்லை. தூர ஓட்டம் இனி வேண்டாம், எர்ணாகுளம், காக்கநாடு டெலிவரி மட்டும் பார் என்றார். மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறேன். என்ன மீன் என்று இப்போது லில்லி கேட்பதில்லை, அவளே வைக்கிறாள்.

நம்பர் பிளேட்டைப் பார்த்து அந்த அம்மா வந்தார்கள், இதில் அதிசயம் என்ன என்று பஷீர் காக்கா கேட்கிறார். அவர் சொல்வதும் சரிதான். நான் வாதாடவில்லை. ஆனால் அத்தனை கடைகளைத் தாண்டிவந்தவன் அந்த ஒரு கடைக்கு முன்னால் எப்படி நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணே தெரியாத நேரம் அது. தெரிந்தவர் ஒருவர் நிறுத்தினார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

நம் சபையில் என்னைப் போல வாய் வராதவர்கள் இருக்கிறீர்கள். பின் வரிசையில் உட்காருவீர்கள், எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் உட்காருகிறேன். நன்றாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். கேட்கத் தெரியவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். அதையும் அவர் ஜெபமாக எடுத்துக்கொள்வார். என் விஷயத்தில் எடுத்துக்கொண்டார். அவருக்கே நன்றி. தங்கமணி சேச்சி குடும்பத்துக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அருள்தாஸ்
மட்டாஞ்சேரி
2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை