பழுப்பு என்று எழுதிய கம்பளம்

என் தங்கை ஜெயக்கொடி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை தங்காது என்றார்கள், தங்கினாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பதினோராம் நாள் அம்மா இறந்துபோனார். அந்த ஆறு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டு, ஐந்து மாதத் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அவன் இப்போது ஓசூரில் ஃபோர்மேன். கணவர் பஸ் மோதி இறந்த பிறகு, மகள் சுபலட்சுமியை ஒரு வருடம்கூட நிறுத்தாமல் படிக்கவைத்தாள். அந்தப் பிள்ளை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெரிய ஓட்டலில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனவள், மிஷின் ஆம்பளைகளுக்கு என்று சொன்ன சூப்பர்வைசரிடமே கார்ப்பெட் கழுவும் மிஷினைக் கேட்டு வாங்கி ஓட்டினாள். இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, தூக்கி எறியச் சொன்ன விருந்து ஹால் கார்ப்பெட்டை நான்கு நாளில் மீட்டுக் கொடுத்தாள். பிறகு ஓட்டலை விட்டு வந்து, வில்லாபுரத்தில் வீட்டு வாசலில் ஒரு போர்டு மாட்டினாள்: சோபா, கார்ப்பெட் சுத்தம் செய்து தரப்படும்.

இவற்றை ஜெயிக்க அவளுக்கு வருடங்கள் இருந்தன. கடைசியாக ஜெயித்ததற்கு ஒரு முற்பகல்தான் இருந்தது.

பசுமலையில் பீமாராவ் என்பவர் வீட்டிலிருந்து ஆகஸ்ட் 21ஆம் தேதி கூப்பிட்டார்கள். அவர் மில் ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீடு அவருடைய அண்ணன் கட்டியது. அண்ணன் இறந்த பின், பதினான்கு வருடம் முன்பு இவர்கள் குடிவந்தபோதே ஹாலில் அந்தக் கம்பளம் கிடந்ததாம். ஓடு ஒழுகி, எலி ஏறி, மேலே கட்டிலும் பீரோவும் பழைய பேப்பரும் அடுக்கி, யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. இப்போது பேத்திக்கு நிச்சயதார்த்தம், 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வாங்கிய கம்பளத்தில் வைத்துத்தான் தட்டு மாற்ற வேண்டும் என்பது பீமாராவின் ஆசை.

என் லோடு ஆட்டோவில்தான் அவளுக்கு எல்லாம் ஏற்றி இறக்குவது. நாங்கள் போனபோது, கூலியாட்கள் பீரோவை வடக்குச் சுவருக்குத் தள்ளி, வாடை தாங்காமல் கம்பளத்தை அவசரமாகச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு முனையை விரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். நனைந்த சாக்கு நிறம். பீமாராவின் மனைவி ருக்மாபாய் முந்தானையால் மூக்கை மூடியபடி நின்றார்.

"இது தேறுமாம்மா?"

"தண்ணி பட்டாத்தான் தெரியும்மா. நூல் மக்கிருந்துச்சுன்னா சொல்லிருவேன், ஒளிக்க மாட்டேன்" என்றாள் ஜெயக்கொடி.

பீமாராவ் எதையும் எழுதி வைக்கிறவர். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, சத்தமாக வாசித்தார்: "பழுப்பு நிறக் கம்பளி விரிப்பு ஒன்று, பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி, துர்நாற்றத்துடன், சுத்தம் செய்வதற்காகப் பெற்றுக்கொண்டேன்." மைப்பெட்டியையும் அவரே எடுத்து வைத்தார். தங்கை இடது பெருவிரலை வைத்தாள்.

சுபலட்சுமி மூன்று வருடம் முன்பே அவளுக்குப் பெயர் எழுதக் கற்றுக் கொடுத்திருந்தது. ஆனால் எங்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. கேட்டால், "எம்பேர எழுதத் தெரியுது, எதுல எழுதுறேன்னு வாசிக்கத் தெரியலையேண்ணே" என்பாள்.

அருப்புக்கோட்டை ரோட்டில் விருமாண்டி அண்ணனின் சிமெண்டுக் களம் இருக்கிறது. அறுப்பு இல்லாத மாதங்களில் அங்கேதான் அவள் வேலை. கம்பளத்தை இறக்கிய உடனே தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. மண் சேறாகி முடியின் வேருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று கயிற்றுக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு, கம்பளத்தைக் குப்புறக் கிடத்தி, பின்பக்கம் தட்டைக் குச்சியால் தட்டினாள். கயிற்றுச் சந்து வழியாக மண் கொட்டியது. ஒரு பகல் முழுக்கத் தட்டினாள். நான் கூட்டி அள்ளி எடை போட்டேன்: ஒன்பது கிலோ நானூறு கிராம்.

விருமாண்டி அண்ணன் சாக்கைப் பார்த்துவிட்டு, "ஏத்தா கொடி, கார்ப்பெட்ட எங்க? வெறும் மண்ணத்தான சுருட்டிக் கொண்டாந்திருக்க?" என்றார்.

"சிரிக்காதண்ணே. ஒரு ஓரத்துல நூல் பொதபொதன்னு இருக்கு. இழுத்தா கையோட வந்துருமோன்னு இருக்கு."

"மக்குனது மக்குனதுதான். நீயா மக்க வச்ச?"

"எங்கையில கிழிஞ்சா நான் கிழிச்சதுதான?"

அந்த மண்ணை அவர் தென்னங்குழியில் கொட்டிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஈர வெள்ளைத்துணியை அங்கங்கே வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரே ஓர் இடத்தில் துணியில் லேசாகச் சிவப்பு ஏறியது. சாயம் போகிற கம்பளம் என்றால் ஒரு சிவப்பு போதும், மொத்தமும் கெட்டுவிடும். அவள் அதே இடத்தில் துணியை மறுபடி அழுத்திப் பார்த்தாள். பிறகு, சாயம் கரையாமல் நிற்க, பச்சைத்தண்ணீரில் வினிகர் கலந்து, அந்த இடத்தை மட்டும் முதலில் நனைத்தாள். எனக்குத் திருமங்கலத்துக்கு ஒரு லோடு இருந்தது. பத்து மணிக்குப் போய்விட்டேன். அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அன்று நடந்த எதற்கும் போட்டோ கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நாலு மணிக்குத் திரும்பியபோது, களத்து வாய்க்காலில் டீ நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அது தார் மாதிரி ஓடியதாம்.

"வாண்ணே, வந்து பாரு" என்றாள்.

களத்தில் கிடந்தது பச்சை. கிளிப்பச்சை இல்லை, மழை பெய்த மறுநாள் வேப்பிலை இருக்குமே, அந்தப் பச்சை. நடுவில் சிவப்புப் பூக்கள், ஓரத்தில் மஞ்சள் கொடி. ஒரு முனையில், பொதபொதவென்று இருந்த அந்த ஓரத்தில் மட்டும் நாலு அடி நீளத்துக்குப் பூச்சி அரித்து, வெறும் நூல் வழுக்கையாகத் தெரிந்தது.

அதற்குப் பின் காய வைக்கிற கவலை. தினமும் மூன்று மணிக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் மேகம் கூடியது. தார்ப்பாய் போட்டு மூடினோம், வெயில் வந்ததும் திறந்தோம். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் வேரில் ஈரம் இருந்தால் பழைய வாடை திரும்பிவிடும். அவள் கண்ணாடி டம்ளரைக் கம்பளத்தின் மேல் கவிழ்த்து அரை மணி நேரம் வெயிலில் விடுவாள். உள்ளே பனித்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை வரை பனித்தது. புதன்கிழமை, விநாயகர் சதுர்த்தி அன்று, ஐந்து இடத்தில் கவிழ்த்தும் டம்ளர் தெளிவாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு பசுமலையில் இறக்கினோம். ஹாலில் விரித்தவுடன் ருக்மாபாய் இரண்டடி பின்னால் போனார். சந்தோஷம் என்று நினைத்தேன்.

"இது எங்களோடது இல்ல" என்றார்.

ஜெயக்கொடி சிரித்தாள். "அம்புட்டு அழுக்கும்மா. உள்ள இதுதான் இருந்துச்சு."

"அழுக்கு போனா நிறம் வெளுக்கும். பழுப்பு எப்படிம்மா பச்சையாகும்? எங்க மச்சினர் கம்பளத்த எவனுக்கோ குடுத்துட்டு, பூச்சி தின்ன கம்பளத்தக் கொண்டாந்து விரிக்கிறியா?"

பீமாராவ் மேஜை டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் மூன்று சொல்லை மட்டும் வாசித்தார். "பழுப்பு நிறக் கம்பளி. கீழே உன் ரேகை. நான் மட்டும் சொன்னதில்ல, நீயும் ஒத்துக்கிட்டது."

நான் அவசரமாகப் போனை எடுத்து, வந்த அன்று எடுத்த போட்டோவைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் புரிந்தது. அதிலும் பழுப்புதான்.

"பாருங்க, இவரே காட்டுறாரு" என்றார் ருக்மாபாய்.

"ஐயா, ஒன்பது கிலோ நானூறு மண்ணு..." என்று தொடங்கினேன்.

"எங்க அந்த மண்ணு?"

"தென்னங்குழியில."

"சரிதான்" என்றார் பீமாராவ். "ஒரு மணி வரைக்கும் டைம் தாரேன். எங்க கம்பளம் வரணும். இல்லேன்னா இந்தத் தாளோட ஸ்டேஷனுக்குப் போறேன்."

ஒருமுறை ஸ்டேஷனில் பெயர் ஏறினால் எந்த வீட்டிலும் அவளை ஹாலுக்குள் விடமாட்டார்கள். ஆனால் ஜெயக்கொடி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கம்பளத்தின் வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த பீரோ முந்தி எங்கன நின்னுச்சு?"

"தெக்கு ஜன்னலுக்குப் பக்கத்துல. எதுக்குக் கேக்குற?"

"கார்ப்பெட்டு மேலயா?"

"ஆமா."

அவள் கம்பளத்தை இழுத்து, தெற்குச் சுவரை ஒட்டி, பழையபடி விரித்தாள். வழுக்கை ஜன்னல் பக்கம் வந்தது. "இந்தப் பூச்சிக்கு வெளிச்சம் ஆகாதுய்யா, ஆளு நடமாட்டமும் ஆகாது. பீரோவுக்கு அடியிலதான் உக்காந்து தின்னும். ஆனா பீரோ கால் அமுக்குற இடத்துல அதால வாய வைக்க முடியாது. குனிஞ்சு பாருங்க, வழுக்கைக்குள்ள நாலு எடத்துல முடி நிக்குது. எம்மேல சந்தேகம்னா பீரோவத் தூக்கி வைங்க. பொருந்தலேன்னா நானே ஸ்டேஷனுக்கு வாரேன்."

"ஏத்தா, வார்த்தைய விடாத" என்று அவள் காதில் சொன்னேன்.

"நீ ஒரு பக்கம் பிடிண்ணே."

தேக்கு பீரோ. நான், அவள், பீமாராவ், ருக்மாபாய் நால்வரும் பிடித்து, மூச்சு வாங்கி, அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்தோம். முன்னங்கால் இரண்டும் இறங்கின. ரூபாய் நாணயம் போல் நின்ற இரண்டு பச்சை வட்டத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தன. பின்னால் இடது காலும் உட்கார்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

நாலாவது கால் உட்காரவில்லை. அது கம்பளத்தைத் தொடவே இல்லை. பீரோ அந்தப் பக்கம் சாய்ந்து ஆடியது. கீழே பார்த்தால் வட்டமும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு திட்டு.

பீமாராவ் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "மூணு கால் எந்த பீரோவுக்கும் பொருந்தும்மா. நாலாவதுக்கு என்ன சொல்ற?"

ஜெயக்கொடி அந்தத் திட்டைத் தடவிப் பார்த்தாள், எழுந்து நின்றாள். களத்தில் அவள் நான்கு என்று எண்ணியிருக்கிறாள், வடிவத்தைப் பார்க்கவில்லை. போனில் மணியைப் பார்த்தேன்: பதினொன்று நாற்பது. சுபலட்சுமிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

ருக்மாபாய் ஆடுகிற பீரோவை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். பிடித்துக்கொண்டே வடக்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "பிடிங்க" என்று பீரோவைக் கணவர் கையில் விட்டுவிட்டு அங்கே நடந்தார். சுவரோரம், பீரோ நின்றிருந்த இடத்தில், பேப்பர் சுற்றிய ஓர் அரைச் செங்கல் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நாங்கள் பீரோவைத் தூக்கி வந்திருக்கிறோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"இந்தக் கால் கட்டையாச்சே" என்றார் அவர். "உங்க அண்ணா இருக்கும்போதே ஒடஞ்சது. வடக்க தள்ளுனப்போ இதையும் எடுத்து வைங்கன்னு நான்தான கூலியாளுங்ககிட்ட சொன்னேன்."

செங்கல்லைக் கொண்டுவந்து, நாங்கள் காலைத் தூக்க, அடியில் தள்ளினார். சதுரத் திட்டு முழுதாக மறைந்தது. ஒரு பச்சை முடிகூட வெளியே தெரியவில்லை. பீரோ ஆடாமல் நின்றது.

ருக்மாபாய் கம்பளத்திலேயே உட்கார்ந்து, ஒரு சிவப்புப் பூவைக் கையால் தடவினார். "பதினாலு வருஷம் இதுமேல பேப்பர் அடுக்கி வச்சிருந்தேனேம்மா" என்றார். அது ஜெயக்கொடியிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

பீமாராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த வழியில், அந்தத் தாளின் கீழேயே எழுதத் தொடங்கினார்: மேற்படி பழுப்பு நிற விரிப்பு சுத்தம் செய்து ஒப்படைக்கப்பட்டது.

"ஐயா, நில்லுங்க. என்ன எழுதுறீங்க?" என்றாள் ஜெயக்கொடி.

அவர் வாசித்துக் காட்டினார்.

"பழுப்ப அடிச்சிருங்க. மேலயும் அடிங்க. பச்சைன்னு எழுதுங்க. செவப்புப் பூ, மஞ்சக் கொடி. பூச்சி அரிச்ச நாலடியும் எழுதுங்க, நாளைக்கு அத நான் அரிக்க விட்டேன்னு ஆயிரக் கூடாது."

"ஏம்மா, இது என்ன பத்திரமா?"

"நீங்கதான பத்திரமாக்குனீங்க."

ருக்மாபாய் சிரித்துவிட்டார். பீமாராவ் வேறு தாள் எடுத்து, எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். அவர் ஒருமுறை வாசித்தார். பிறகு அவள் தாளை என்னிடம் கொடுத்து, "நீயும் வாசிண்ணே" என்றாள். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். இரண்டு வாசிப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று அவள் கவனித்துக் கேட்டாள்.

பீமாராவ் மைப்பெட்டியைத் திறந்தார்.

"அது வேணாம்யா. பேனா குடுங்க."

மேஜைக்கு முன்னால் நின்றபடியே குனிந்து எழுதினாள். ஐந்து எழுத்து. பேனாவை அழுத்தியதில் தாள் பின்பக்கம் புடைத்தது. முடித்து நிமிர்ந்தவள், மறுபடி குனிந்து, விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தாள். பக்கத்தில் தேதியையும் அவளையே எழுதச் சொன்னார் பீமாராவ். எண்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும், கழுவுகிற மருந்து கலக்கிற அளவு பார்த்துப் பழகியவை. தயங்காமல் எழுதினாள்: 28.8.2025.