பிளக் இல்லாத ட்ரெட்மில்

மலையில் பிறந்தவளுக்கு ஓட்டத்தில் தோல்வியா என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, கீழே ஒரு மைதானத்தில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் கோட்டை விட்டுவிட்டு வந்தவள் நான். மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறவள், சமதரையில் ஒரே ஒரு சுற்று ஓட முடியாமல் நாக்குத் தள்ளி நின்றேன். குறித்த நேரத்துக்குள் வராதவர்களை வெளியே போகும் கேட்டுப் பக்கம் போகச் சொன்னார்கள். போனேன். பஸ் ஏறியும் அழவில்லை. சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரத்தில் வளைவுகள் தொடங்கிய பிறகுதான் அழுதேன். பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

எங்கே பிசகியது என்று எனக்கே புரியவில்லை. பாதிச் சுற்று வரை நான்தான் முதலில் ஓடினேன். அதன் பிறகு கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிட்டன. அடுத்த தேர்வோடு என் வயது வரம்பு முடிகிறது. அதிலும் விட்டால் காக்கிச் சட்டையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பயிற்சி எடுக்க இடம் வேண்டுமே. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; எங்கள் தேவனூர் நாட்டில் சமமான நிலம் என்றால் வீட்டுக் களம்தான். மற்றதெல்லாம் படிப்படியான வயல்கள். ரோட்டில் ஓடினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் லாரி வருவதுகூடத் தெரியாது.

அப்போதுதான் சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூடும் ஊர் வாசிப்பறைக்கு ட்ரெட்மில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். எது வேண்டும் என்பதை ஓடுகிறவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டார். கடைசி வாய்ப்பு எனக்குத்தான் என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாசிப்பறையில் இருந்த மற்ற அனைவரும் ஒரே குரலில் கேட்டது மோட்டார் வைத்த மெஷினைத்தான். டி.வி. மாதிரி திரை இருக்க வேண்டும், பாட்டு வர வேண்டும் என்றார்கள். எதற்காக ஓடுகிறோம் என்பதே இவர்களுக்கு மறந்துவிட்டதோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். அவர் நேராகப் போய் மோட்டார் மெஷின்மேல் ஏறிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரையில் ஓடிய வெளிநாட்டுக் கடற்கரையைப் பார்த்தபடி ஒய்யாரமாக நடந்தார்.

"ஏம்புள்ள, இதுல நடந்தா பசியே எடுக்காது போலிருக்குது. இதையே எடுத்துக்கலாம்."

"பசி எடுக்காம இருக்கவா வாங்கறோம்? இறங்குங்க, நான் பாக்கறேன்."

ஏறி ஓடிப் பார்த்தேன். பட்டை தானாக ஓடியது. நான் காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் போதும். சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூலையில் இன்னொன்று நின்றது. ஓடும் பரப்பு நடுவில் பள்ளமாகவும், முன்னும் பின்னும் உயர்ந்தும் வளைந்திருந்தது. குறுக்குக் கட்டைகளைக் கோத்ததுபோல் கருப்பு ரப்பர்ப் பட்டை. அதற்கு ஒயரும் இல்லை, பிளக்கும் இல்லை.

"இது யாரும் அதிகமாக் கேக்கறதில்லைங்க மேடம்" என்றார் கடைக்காரர். "மோட்டார் கிடையாது. நீங்க ஓடுனாத்தான் இது ஓடும். முழு வேகத்துல கொஞ்ச நேரம் ஓடி, மூச்சு வாங்க நடந்து, மறுபடி ஓடுற கடுமையான பயிற்சிக்கானது. சும்மா நடக்கறவங்களுக்குச் சரிப்படாது."

ஏறினேன். கண் முன்னால் மேடு தெரிந்தது. மேட்டைக் கண்டால் மலைக்காரி என்ன செய்வாள்? ஏறுவாள். உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். பட்டை சரசரவென்று வேகம் எடுத்தது. வழுக்குகிறதே என்று இன்னும் மேலே கால் வைத்தேன். அது இன்னும் பேய்வேகம் எடுத்தது. ஏற ஏறப் பறந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு கத்த, வீட்டுக்காரர் ஓடி வந்து என் இடுப்பைப் பிடிக்க, கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏறாதீங்க மேடம்! பின்னால வாங்க, பின்னால!"

காலைப் பின்னால் இழுத்தேன். பட்டை அடங்கியது. முன்னால் கால் வைத்தால் வேகம், பின்னால் வந்தால் நிதானம். அவ்வளவுதான் அதன் கணக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் மறுபடி ஏறினேன். இந்த முறை நடுவில் நின்று ஓடினேன். கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் வந்த அதே களைப்பு வந்தது. கால் கெஞ்சியது. நான் தளர்ந்ததும் பட்டையும் தளர்ந்தது. அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்ததுபோல் விளங்கியது.

எங்கள் ஊரில் மேடு என்றால் முழு மூச்சையும் செலவழித்து ஏறிவிடுவோம். அந்தப் பக்கம் இறக்கம் வரும், அதில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிறந்தது முதல் உடம்பு அப்படியே பழகிவிட்டது. மைதானத்திலும் பாதிச் சுற்றில் என் மூச்சு மொத்தத்தையும் கொட்டிவிட்டு, கால்கள் இறக்கத்துக்காகக் காத்திருந்திருக்கின்றன. சமதரையில் இறக்கம் ஏது? இந்த மெஷினிலும் இல்லை. மோட்டார் மெஷினில் களைத்தாலும் பட்டை இழுத்துக்கொண்டு போகும். இதில் நான் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

"இதுதான் வேணும்" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லா யோசிச்சுக்கங்க மேடம். அவ்வளவு மலை வளைவு ஏத்தி மேல இறக்கிட்டா, மாத்தித் தர முடியாதுங்க."

வீட்டுக்காரர் என்னைத் தனியாக இழுத்துப் போனார். "ஊரே அதைக் கேக்குது. நீ இதைக் கொண்டுபோய் இறக்குனா நம்மளச் சும்மா விடுவாங்களா?"

"மழையில மரம் ஒடிஞ்சு லைன்ல விழுந்தா கரன்ட் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? அப்ப அந்தக் கடற்கரைய வெச்சு என்ன பண்றது?"

வாயால் வீராப்பாகப் பேசிவிட்டேன். உள்ளுக்குள் பயம்தான். தவறாகிப் போனால் என் கடைசி வாய்ப்போடு மற்றவர்கள் வாய்ப்பும் போய்விடும்.

லாரியில் வந்த மெஷினை இறக்குவதற்குள் ஊர் ஆண்களுக்கு முதுகு விட்டுப்போனது. புது வண்டிக்குச் செய்வதுபோல் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், சக்கரமே இல்லையே என்று பெரிய பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் பழத்தைப் பட்டைமேல் வைத்து என்னை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தேன். வாரக்கணக்கில் வாசிப்பறையில் ஊறுகாய் வாசம் அடித்தது.

மற்றவர்களும் ஏறினார்கள். என்னைப் போலவே ஒவ்வொருவரும் மேட்டைப் பார்த்து ஏறி, ஒவ்வொருவரும் கத்தினார்கள். பாட்டு வராத மெஷினை வாங்கி வந்தவள் என்று சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மாமியார் மட்டும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏங் கண்ணு, நின்ன எடத்துலயே ஓடி எங்க போய்ச் சேரப் போற?"

"தெரியலைங்க அத்தை" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கரன்ட் போனது போனதுதான். இட்டலிக்கு மாவரைக்க வழியில்லை, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை. எங்கள் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கைதட்டினால் முழு வேகம், மறுபடி தட்டினால் நடை. முதலில் எல்லாம் பாதியிலேயே உடம்பு இறக்கத்தைத் தேடும், பட்டை படுத்துவிடும். அவர் தலையைச் சொறிவார். நான் அவர்மேல் எரிந்து விழுவேன். மெல்ல மெல்லப் பிடிபட்டது. தொடக்கத்தில் கொட்டிவிடாமல், கடைசிக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்து ஓடக் கற்றுக்கொண்டேன். கால் கெஞ்சும்போது ஓரடி முன்னால் வைத்தால் பட்டை எழுந்துகொள்ளும் என்று தெரிந்தது. அந்த ஓரடியைத்தான் மழைக்காலம் முழுக்கப் பழகினேன்.

எழுத்துத் தேர்வில் மறுபடியும் தேறினேன். ஓட்டத் தேர்வு நாளன்று அதே மைதானம். வெயிலில் கண் கூசியது. வீட்டுக்காரர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஓட்டம் தொடங்கியதும் சிலர் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். பாதிச் சுற்று தாண்டியதும் அந்தக் களைப்பு சொல்லிவைத்தாற்போல் வந்தது. கால்கள் இறக்கத்தைத் தேடின. இங்கே இல்லை, இனி வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தேன். பிறகு இன்னோர் அடி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடிகாரத்தோடு நின்ற பெண் அதிகாரியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் என் மார்பில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். எழுந்து, பழக்கதோஷத்தில், கேட்டுப் பக்கம் நடந்தேன்.

"எங்கம்மா போற?" என்றார் அவர். "அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம் வந்து நில்லு."