வெள்ளிக்கிழமை கொடுத்த கொய்யாப்பழம்

போலீஸ் விசாரிக்கக் கூப்பிட்டால் எழுத்தில் கூப்பிட வேண்டும். கைது செய்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கு இதெல்லாம் மனப்பாடம். எத்தனையோ பேருடைய மனுக்களில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் தம்பி விஷயத்தில் இதில் ஒரு வரிகூட உதவவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு போலீஸ்காரர் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தினார். தம்பியின் சேக்காளி ஒருவனைத் தேடுகிறார்களாம். "செத்த நேரம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போகச் சொல்லுங்கம்மா" என்றார். நோட்டீஸ் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா என்னை முறைத்தாள்.

"மரியாதையாக் கூப்பிடுறாக, மரியாதையாப் போயிட்டு வரட்டும். நீ சட்டம் பேசித் தெருவைக் கூட்டாதடி."

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா சொன்னால் சொன்னதுதான். தம்பி குளித்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிப் போனான்.

அன்று முழுக்க அவன் வரவில்லை. மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே பெஞ்சில் அவன் முதுகு தெரிந்தது, அதே சட்டை. கைது செய்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா என்று மேஜையில் இருந்தவரைக் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"அரெஸ்ட்டே பண்ணலையேம்மா. சும்மா விசாரணை. அப்புறம் என்னத்தச் சொல்றது?"

அரெஸ்ட் இல்லையென்றால் ஒரு நாள் கெடுவும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அவர் சொல்ல மறுத்த அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆபீசுக்கு வந்து எஸ்.பி.க்கு ஒரு மனு அடித்தேன். அதை அனுப்பவிடாமல் அம்மா போனில் அழுதாள். காரணம், ஓலை. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. தம்பிக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது.

"ஸ்டேஷன்ல கெடக்கான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அம்புட்டுதான். பொண்ணு வீட்டுல வேணாம்னுருவாக. மாதா மேல ஆணை, நீ அதை அனுப்பக் கூடாது."

மனு கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா ஒரே பதிலைச் சொன்னாள், ஆயக்குடிக்குக் கொய்யா எடுக்கப் போயிருக்கிறான் என்று. தம்பி பழ வியாபாரி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவே ஸ்டேஷனுக்குப் போனாள். சாயங்காலம் விட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயக்குடிக்குப் போனவன் வெறுங்கையோடு வந்தால் தெரு என்ன நினைக்கும்? பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். முதலில் எதிர்வீட்டுப் பாயம்மாவுக்கு. "தம்பி மத்தியானமே வந்துட்டான், அசதியில படுத்துருக்கான்" என்று அவள் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். பொய்யே சொல்லத் தெரியாத என் அம்மா அன்றைக்கு எவ்வளவு கச்சிதமாகச் சொன்னாள்!

தம்பியை அவர்கள் விடவில்லை. அன்று ராத்திரி நாகல் நகரில் ஒரு செல்போன் கடையின் ஷட்டரை யாரோ நெம்பித் திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமை அந்தக் கேஸில் தம்பியைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அன்று காலையில்தான் பைபாஸ் பக்கம் பிடித்ததாக எழுதியிருந்தது. கடை உடைந்த நேரத்தில் அவன் அவர்களுடைய பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். புதன்கிழமையே கூட்டிப்போனார்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லவும் சொன்னான். எழுதிக்கொண்டார், ரிமாண்டும் செய்தார். ஸ்டேஷன் கேமராப் பதிவைக் கேட்டோம். கேமரா பழுது என்றார்கள்.

மறுநாள் பூசையில் இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை.

"வீட்டாளுக சொன்னா எடுபடாது. புதன்லேர்ந்து பையன் வீட்டுல இல்லைன்னு தெருவுல ஒருத்தர் சொன்னாப் போதும்மா, அதைப் பிடிச்சுக்கிட்டு மேல்கோர்ட்டுக்கு ஏறிரலாம்" என்றார் எங்கள் வக்கீல். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாயம்மா வீட்டுக்கு ஓடினேன். எங்களுக்கு முன்பே போலீஸ் வந்து அவரிடம் வாக்குமூலம் வாங்கிப் போயிருந்தது. தங்கமான பிள்ளை, வெள்ளிக்கிழமைகூட ஊரிலிருந்து வந்து தெருவுக்கே கொய்யாப்பழம் கொடுத்தான் என்று தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையேதான்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது நான் கடையில் வாங்கியது, பிள்ளை வரவே இல்லை என்று அழுதாள். பாயம்மாவும் அழுதார்.

"நீங்க சொன்னதத்தானக்கா நான் சொன்னேன். இப்ப மாத்திச் சொன்னா, அப்பப் பழம் ஏதுன்னு கேப்பாகளே. நான் என்னன்னு சொல்ல?"

 

பெண் வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். தம்பி இப்போது ஜாமீனில் இருக்கிறான். தினமும் காலையில் அதே ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். அவன் அங்கே இருந்ததற்கு இப்போது ஒரு நாள் தவறாமல் அத்தாட்சி சேருகிறது. அது யாருக்கும் தேவைப்படவில்லை.